ஐந்து ஆக்சிஸ் மெஷினுக்குப் பூக் கேட்டது

உட்காருங்க தம்பி. தாமு வார்ப்பு பார்க்க ஃபவுண்டரிக்குப் போயிருக்கிறான். வந்துவிடுவான். பன்னிரண்டு மணிக்கு வரச் சொன்னானா? அப்படியென்றால் பன்னிரண்டரை. அந்த நாற்காலி வேண்டாம், அதன் கால் ஆடும். இதில் உட்காருங்க. கம்ப்யூட்டரை மேஜைமேல் வையுங்க, ஒயர் எட்டும்.

நான் தாமுவின் அம்மா. வெளியே பலகையில் ராமாத்தாள் எஞ்சினியரிங் என்று பார்த்திருப்பீங்க. அந்த ராமாத்தாள் நான்தான். என் வீட்டுக்காரர் ஒரே ஒரு லேத்தை வைத்துத் தொடங்கின காலத்தில் வைத்த பெயர். அவர் போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. நான் படித்தது எட்டாவது. எஞ்சினியரிங்குக்கும் எனக்கும் பலகையில் மட்டும்தான் பழக்கம்.

கையில் என்ன தாள், ஒப்பிட்டுக் காட்டுகிற தாளா? கொடுங்க பார்க்கிறேன். எனக்கு இங்கிலீஷ் ஓடாது. ஆனால் இந்தத் தாளை எனக்குத் தெரியும். இடது பக்கம் வரிசையாக ஒவ்வொரு வசதி. அதற்கு நேரே உங்கள் சாஃப்ட்வேருக்கு மேலிருந்து கீழ்வரை டிக். மற்ற கம்பெனிகளுக்கு அங்கொன்று இங்கொன்று. போன வருஷம் பூபதி என்று ஒருவர் கொண்டுவந்த தாளிலும் இப்படித்தான். டிக்கெல்லாம் அவர் பக்கம். கோபித்துக்கொள்ளாதீங்க தம்பி, வியாபாரம் அப்படித்தானே. என் சின்னவன் லோகு தானாக உட்கார்ந்து ஒரு தாள் போட்டான். அதில்தான் இரண்டு பக்கமும் டிக், இரண்டு பக்கமும் பெருக்கல் குறி.

லோகு இங்கே இல்லை. ஒன்பது மாதமாக ஓசூரில் இருக்கிறான். அவனை வரவழைக்கணும். அதற்கு உங்களிடம் ஓர் உதவி கேட்கத்தான் நீங்கள் வருகிற நாளைக் கேட்டு வைத்துக்கொண்டு காத்திருந்தேன். தாமு வருவதற்குள் சொல்லிவிடுகிறேன். காபி எடுத்துக்குங்க, ஆறிவிடும்.

அதோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்கிறதே, சந்தனம் குங்குமம் வைத்து, அதுதான் மெஷின். ஐந்து ஆக்சிஸ். உங்களுக்குச் சொல்லணுமா. எனக்கு லோகு தேங்காயை வைத்துச் சொல்லிக் கொடுத்தான். அடுக்களையில் நான் தேங்காய் உரித்துக்கொண்டிருந்தேன். “அம்மா, ஒரு கையில தேங்காயத் திருப்பிக்கிட்டே இன்னொரு கையில நார உரிக்கறீங்கல்ல? அதேதான். நம்ம பழைய மெஷின்ல தேங்கா அசையாது, கத்தி மட்டும் போகும். இதுல தேங்காயும் சாயும், சுத்தும். ரெண்டும் ஒண்ணை ஒண்ணு இடிச்சுக்கக் கூடாது” என்றான். எந்தக் கை எப்போது எங்கே போகணும் என்று மெஷினுக்கு எழுதிக் கொடுக்கிறதுதான் சாஃப்ட்வேர் என்றான். நான் எழுதிப் பார்த்தா உரிக்கிறேன் என்று கேட்டேன். சிரித்தான். அவனுக்குச் சிரித்தால் இரண்டு கண்ணும் மூடிக்கொள்ளும்.

பெரியவன் தாமு வெளி வேலை பார்ப்பான். ஆர்டர் பிடிப்பது, பார்ட்டியிடம் பேசுவது, ஆடிட்டர், பேங்க் எல்லாம் அவன். சின்னவன் உள்ளே. ப்ரோக்ராம் போடுவது, மெஷின் ஓட்டுவது எல்லாம் அவன். பத்து வருஷம் ஒரே வீட்டில், ஒரே அடுப்பில் இருந்தோம். பம்புக்குள்ளே சக்கரம் மாதிரி இருக்குமே, வளைந்த இதழ் இதழாக, இம்பெல்லர். அதை ஒரே கட்டியிலிருந்து குடைந்து தர ஒரு பெரிய கம்பெனி கேட்டது. அதற்காகத்தான் இந்த மெஷின் வந்தது. மெஷின் வந்த அன்றைக்குப் பூசணிக்காய் சுற்றி உடைத்தது நான்தான். இருவரும் என் காலில் விழுந்தார்கள். ஒன்றாகவே விழுந்தார்கள் தம்பி, முதலில் யார் என்ற கேள்வியே இல்லை.

சாஃப்ட்வேர் எது வாங்குவது என்பதில்தான் எல்லாம் வந்தது.

லோகு இரண்டு கம்பெனியிடம் ஒரு மாதத்துக்கு இலவசமாக வாங்கி ஓட்டிப் பார்த்தான். ஒரே இம்பெல்லரை இதிலும் போட்டான், அதிலும் போட்டான். அலுமினியத்தில் இரண்டையும் வெட்டி, அடையாளம் தெரிய ஒன்றுக்கு என் பழைய வளையலை மாட்டி வைத்தான். இரண்டும் எனக்கு ஒரே மாதிரிதான் இருந்தன. அவன் விரலை உள்ளே விட்டு இங்கே தடவிப் பாருங்க, இங்கே தடவிப் பாருங்க என்பான். நோட்டில் எழுதி வைத்திருந்தான். பூபதி கொண்டுவந்த சாஃப்ட்வேர் கற்றுக்கொள்ளச் சுலபம், வழவழப்பு நன்றாக வருகிறது, நாற்பது நிமிஷம் சீக்கிரம் முடிகிறது. எல்லாவற்றையும் ஒளிக்காமல் எழுதியிருந்தான். ஆனால் அதில் ஓட்டிப் பார்க்கும்போது திரையில் வெட்டுகிற டூலும் வெட்டுப்படுகிற ஜாபும் மட்டும் தெரியும், மெஷின் தெரியாது. மற்றதில் நம் மெஷினே குட்டியாகத் திரைக்குள் நிற்கும். சாய்ந்து சுற்றுகிற மேஜை, அதன்மேல் ஜாபைப் பிடித்திருக்கிற வைஸ், தலைப்பக்கம் எல்லாம். மெஷினுக்குப் போகிற கடைசி எழுத்து வரைக்கும் படித்து, இடிக்கிற இடம் வந்தால் சிவப்பாகக் காட்டி நின்றுவிடும். அதற்கும் குறை எழுதியிருந்தான். கற்றுக்கொள்ளக் கஷ்டம், மெதுவாக ஓடும், ரிப்பேர் என்றால் பெங்களூரிலிருந்து ஆள் வரணும். விலையில் பெரிய வித்தியாசம் இல்லை.

நீங்கள் இப்போது கொண்டுவந்திருக்கிறது அந்த இரண்டாவதுதான். லோகு கேட்டதுதான். அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன்.

பூபதி யாரென்றால், என் பெரிய மருமகள் கோகிலாவின் அண்ணன். தாமுவுக்கு மச்சான். நல்ல மனுஷர்தான். கூப்பிட்டால் அரை மணியில் வந்து நிற்பார், வரும்போது கையில் ஏதாவது பலகாரம் இருக்கும். தாமு அவர் சாஃப்ட்வேர்தான் என்று நின்றான். லோகு முடியாது என்று நின்றான். லோகு ஒரு விஷயத்தில் முடியாது என்று நின்றதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

“பத்து வருஷமா ப்ரோக்ராம் போடறவனுக்குப் பொம்மைப் படம் காட்டோணுமாக்கும்” என்று தாமு சாப்பிடும்போது குத்திக் காட்டினான். லோகு தலை நிமிராமல், “பொம்மை இடிச்சாப் பரவால்லீங்ணா. மெஷின் இடிச்சா?” என்றான். அடுத்த வேளையிலிருந்து ஆளுக்கொரு நேரம் சாப்பிட வந்தார்கள். ஒரு வாரம் கழித்துக் கோகிலா பதினைந்து நாள் அம்மா வீட்டுக்குப் போய்வருகிறேன் என்று பெட்டி எடுத்தாள். பதினைந்து நாளுக்கு இரண்டு பெட்டி எதற்கு? என் அண்ணன் கொண்டுவந்த பொருளுக்கு இந்த வீட்டில் மரியாதை இல்லை என்று பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போனாள். தாமு என்னிடம் வந்து, அப்பா இடத்தை நடுவில் சுவர் வைத்துப் பிரித்துக் கொடுத்துவிடுங்க, அவன் அவனுக்குப் பிடித்ததை வாங்கிக்கொள்ளட்டும் என்றான்.

சுவர் என்ற சொல்லைக் கேட்டதும் நான் போய் என் வீட்டுக்காரர் படத்துக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டேன் தம்பி. அவர் போகும்போது என்னிடம் சொத்து, நகை எதையும் பற்றிச் சொல்லவில்லை. பசங்க ரெண்டு பேரும் ஒண்ணா இருக்கோணும் என்று மட்டும் சொன்னார். அதை நான் காலையும் மாலையும் விளக்கு முன்னால் வேண்டிக்கொண்டிருக்கிறவள்.

அதனால்தான் பூக் கேட்கலாம் என்றேன்.

நீங்கள் சென்னையா? உங்கள் பக்கம் இந்த வழக்கம் உண்டோ என்னவோ. எங்கள் கொங்கு நாட்டில் மனசு இரண்டாக நின்றால் குலதெய்வத்திடம் பூக் கேட்போம். வெள்ளைப் பூவை ஒரு பொட்டலம், சிவப்புப் பூவை ஒரு பொட்டலம். வெளியே பார்த்தால் வித்தியாசம் தெரியக் கூடாது. அம்மன் காலடியில் போட்டுக் கலைத்து, கும்பிட்டு, ஒன்றை எடுப்பது. எது வருகிறதோ அதுதான் உத்தரவு. அதற்கு மேல் பேச்சில்லை. கிணறு வெட்டுவது, பெண் எடுப்பது, இடம் வாங்குவது எல்லாம் அப்படித்தான். இந்தப் பட்டறை நிற்கிற இடமே பூக் கேட்டு வாங்கியது.

லோகு முதலில் சிரித்தான். “சாஃப்ட்வேருக்காம்மா பூக் கேக்கறது? அம்மனுக்கு அஞ்சு ஆக்சிஸ் தெரியுமா?” என்றான். உங்கப்பாவை எனக்குக் கொடுத்ததே பூக் கேட்டுத்தான் சாமி என்றேன். சிரிப்பை நிறுத்திவிட்டான். “சரிங்கம்மா. உங்க இஷ்டம்” என்றான். தாமு உடனே ஒத்துக்கொண்டான். அவனுக்கு அம்மன்மேல் உயிர். வெள்ளை வந்தால் லோகு சொன்னது, சிவப்பு வந்தால் தாமு சொன்னது என்று மூன்று பேரும் பேசி முடித்தோம்.

வெள்ளிக்கிழமை விடிகாலையில் தலைக்குக் குளித்துவிட்டு நான்தான் பொட்டலம் கட்டினேன். வாழை இலையைக் கிழித்து, நாரால் கட்டுவது. தட்டில் வெள்ளை நந்தியாவட்டையும் இருந்தது, சிவப்பு அரளியும் இருந்தது. முதல் பொட்டலத்தில் அரளியை வைத்துக் கட்டினேன். இரண்டாவது இலையை எடுத்தேன்.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை தம்பி. நீங்கள் யாரோ, உங்கள் வேலை முடிந்தால் போய்விடுவீங்க, அதனால் சொல்கிறேன். இரண்டாவதிலும் அரளியைத்தான் வைத்தேன்.

அம்மனை ஏமாற்றினேன் என்று நினைக்காதீங்க. அவளுக்குத் தெரியாமல் என்ன நடக்கும்? வேண்டாம் என்றால் என் கையைத் தட்டிவிட்டிருக்க மாட்டாளா? நான் யோசித்ததெல்லாம் ஒன்றுதான். வெள்ளை வந்துவிட்டால் தாமு தாங்க மாட்டான். அவன் சின்ன வயதிலிருந்தே அப்படி. சோறு வேண்டாம் என்றால் மூன்று நாளைக்கு வேண்டாம்தான். கோகிலா திரும்ப மாட்டாள், சுவர் எழும்பிவிடும். சிவப்பு வந்தால் லோகு பொறுத்துக்கொள்வான். அவன் வேண்டாம் என்றால் அரை மணியில் தானே வந்து தட்டெடுத்து உட்காருகிறவன். பள்ளிக்கூடத்துக்கு ஒரே சைக்கிள் வாங்கியபோது, அண்ணன் ஓட்டட்டும், நான் நடந்து வருகிறேன் என்றவன். ஆறு வருஷம் நடந்தான், ஒரு நாள் முகம் சுளித்ததில்லை. அப்படியொரு பிள்ளை தங்கம் தம்பி. பொறுத்துப் போகிற பிள்ளையிடம்தானே ஒரு தாய் கேட்க முடியும்?

கோயிலில் பூசாரி இரண்டையும் கலைத்துப் போட்டார். லோகு எடுக்கட்டும் என்று நான்தான் சொன்னேன். அவன் கையாலேயே எடுத்தால் பின்னால் ஒரு வார்த்தை வராது பாருங்க. எடுத்தான், பிரித்தான், அரளி. தாமு அப்படியே நெடுஞ்சாண்கிடையாக விழுந்து அழுதான். நான் மூன்று சுற்று சுற்றப் போனேன். மிச்சப் பொட்டலத்தைப் பிரிக்கும் வழக்கம் இல்லை. அதைக் கிணற்றில் போட்டுவிடலாம் என்று சுற்றி வந்து பார்த்தால் தட்டில் காணோம். பூசாரி எடுத்துப் போட்டிருப்பார் என்று நினைத்தேன்.

திரும்பி வரும்போது லோகுதான் கார் ஓட்டினான். பெருந்துறை தாண்டியதும் கண்ணாடியில் என்னைப் பார்த்து, “அம்மா, உங்களுக்கு இப்ப நிம்மதிங்களா?” என்று கேட்டான். நிம்மதி சாமி என்றேன். “அப்பச் சரி” என்றான்.

கோகிலா ஞாயிற்றுக்கிழமையே வந்துவிட்டாள், இரண்டு பெட்டியோடும். மறுபடி ஒரே நேரத்தில் சாப்பாடு. பூபதி அல்வாவோடு வந்து சாஃப்ட்வேரை ஏற்றிக் கொடுத்தார். லோகு முகத்தில் ஒரு வருத்தமும் காட்டாமல் ராப்பகலாக உட்கார்ந்து கற்றுக்கொண்டான். சொன்னேனே, தங்கம்.

ஓட்டத் தொடங்கின பிறகு ஒரு குறை கண்டான். ஓர் இதழை முடித்து டூல் வெளியே வந்து, அப்புறம்தான் மேஜை திரும்பணும். இந்தச் சாஃப்ட்வேர் எழுதிக் கொடுப்பதில் சில இடத்தில் டூல் முழுக்க வெளியே வருவதற்கு முன்னாலேயே மேஜை திரும்புகிறதாம். எப்போது வரும் என்று சொல்ல முடியவில்லை. பூபதியிடம் சொன்னான். நம் மெஷினுக்குத் தகுந்த மாதிரி திருத்தி அனுப்பச் சொல்லியிருக்கிறேன், அடுத்த வாரம் வந்துவிடும் என்றார். எட்டு வாரம் அடுத்த வாரம் என்றார். அதுவரைக்கும் லோகு என்ன செய்வான்? புது ஜாப் என்றால் முதலில் உலோகமே இல்லாமல் காற்றில் ஓட்டிப் பார்ப்பான். அப்புறம் ஜாபை வைத்து, நிறுத்துகிற பட்டன்மேல் விரலை வைத்துக்கொண்டு, பக்கத்திலேயே நின்று பார்ப்பான். கதவைத் திறந்தால் மெஷின் நிற்கிற மாதிரி ஒரு சுவிட்ச் இருக்கும். அதில் ஒரு சாவியைச் சொருகி வைத்தால் கதவு திறந்திருந்தாலும் ஓடும். இந்தத் தெருவில் பல பட்டறைகளில் அப்படித்தான். லோகு அதற்கு எதிரி, அந்தச் சாவியைக் கண்டால் பிடுங்கி எறிகிறவன். அவனே சாவியைச் சொருகினான். கண்ணாடிக் கதவில் ஆயில் தண்ணீர் அடித்து ஒன்றும் தெரிவதில்லை, திரையில் தெரியாததை நேரில் பார்த்துத்தானே ஆகணும் என்று என்னிடம் சொன்னான். பத்திரம் சாமி என்று திருநீறு பூசிவிட்டேன். தினமும் பூசிவிடுவேன்.

ஆடி மாதம், ஒரு புதன்கிழமை, காலையில். பின்னால் வீட்டில் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு ஜாபைப் பிடிக்கிற வைஸை மாற்றியிருந்தார்களாம், கொஞ்சம் உயரமானது. காற்றில் ஓட்டியபோது ஒன்றும் தெரியவில்லை, இடிக்க உலோகமே இல்லையே. ஜாபை வைத்து ஓட்டியபோது ஏழாவது இதழில் மேஜை முந்திக்கொண்டது. டூல் உள்ளே இருக்கும்போதே சாய்ந்தது. கார்பைடு டூல் அது, சாக்பீஸ் மாதிரி உடையுமாம். எனக்குக் கேட்டது ஒரு சத்தம்தான், பாத்திரம் விழுந்த மாதிரி. யாரோ எதையோ போட்டுவிட்டார்கள் என்று நினைத்து நான் அரிசியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன் தம்பி.

கண்ணுக்குக் கண்ணாடி போட்டிருந்தான். துண்டு கண்ணாடியையும் சேர்த்துக்கொண்டு உள்ளே போயிருந்தது. வலது கண். எடுத்துவிட்டார்கள்.

குடிங்க தம்பி, ஆறிப்போச்சா? வேறு போடட்டுமா?

நாலாம் நாள் பேசினான். ஆஸ்பத்திரியில் நான் மட்டும் பக்கத்தில் இருந்தேன். நெற்றியில் கை வைத்து மனசுக்குள் ஜெபித்துக்கொண்டிருந்தேன். தூங்குகிறான் என்று நினைத்தேன்.

“அம்மா, அந்த ரெண்டாவது பொட்டலத்தையும் நான் பிரிச்சுப் பாத்தனுங்” என்றான்.

டாக்டர் பேசக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க சாமி என்றேன்.

“உங்களை ஒண்ணும் சொல்லலீங்கம்மா. நீங்க எதுக்குச் செஞ்சீங்கன்னு தெரியும். தெரிஞ்சுதான் ஓட்டினேன். அண்ணன்கிட்ட மட்டும் சொல்லிப்போடுங்க” என்றான். “அம்மன் கொடுத்தது தப்பா இருக்காது, லோகுதான் தப்பாப் போட்டுட்டான்னு அண்ணன் எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருக்காருங். மனசாரச் சொல்றாரு, அதான் கஷ்டமா இருக்குது. நீங்க சொன்ன அன்னைக்கு நான் வீட்டுக்கு வர்றேன்.”

மருந்து மயக்கத்தில் பேசுகிறான் என்றுதான் எடுத்துக்கொண்டேன். வலியில் பேசுகிற பேச்சைப் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது இல்லையா. ஆனால் தாமு அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தது உண்மைதான். அவனைக் குற்றம் சொல்ல முடியுமா? சாமி உத்தரவு கொடுத்த பொருள், அதில் குறை இருக்குமா? அப்படியென்றால் குறை கையில்தானே இருக்கணும்? பூபதிக்கும் அது வசதியாகப் போயிற்று. கணபதிப் பக்கத்திலிருந்து சிட்கோ வரைக்கும் எல்லாப் பட்டறைகளிலும் லோகு ப்ரோக்ராமைத் தப்பாகப் போட்டு மெஷினை இடித்துவிட்டான் என்று பேச்சாகிவிட்டது. இங்கே ஒருவரும் அவனைக் கூப்பிடவில்லை. ஜாதகம் கொடுத்திருந்த பெண் வீட்டார் கண்ணைச் சொல்லாமல், வேலையைச் சொல்லித்தான் வேண்டாம் என்றார்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வரவில்லை. துணிப்பையோடு நேராக ஓசூருக்குப் பஸ் ஏறிவிட்டான். அங்கே ஒரு கம்பெனியில் மற்றவர்கள் செய்த ஜாபை அளந்து பார்க்கிற வேலை. ப்ரோக்ராம் போடுவதில்லையாம். ஒரு கண்ணில் அளக்க முடிகிறதா சாமி என்று கேட்டேன். பழகிடுச்சுங்கம்மா என்றான்.

வெள்ளிக்கிழமை தோறும் போன் செய்வேன். எடுத்ததும், “சொல்லிட்டீங்களாம்மா?” என்பான். நான் மழை பெய்ததைச் சொல்வேன், மாடியில் முருங்கை காய்த்ததைச் சொல்வேன். சரிங்கம்மா என்று வைத்துவிடுவான். மாசியிலிருந்து தினமும் போட்டாலும் எடுப்பதே இல்லை. பிடிவாதம் வந்துவிட்டது அவனுக்கும். யாரிடமிருந்து வந்ததோ தெரியவில்லை.

நான் சும்மா இருந்துவிட்டேன் என்று நினைக்காதீங்க. இந்த ஒன்பது மாதத்தில் நான் செய்யாத வேண்டுதல் இல்லை. தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்தேன், இந்த முட்டியோடு. நாற்பத்தெட்டு நாள் ஒரு வேளைச் சாப்பாடு. அம்மன் கோயிலில் மண் சோறு சாப்பிட்டேன். வெள்ளியில் ஒரு கண் செய்து உண்டியலில் போட்டேன். செவ்வாய் வெள்ளி நெய் விளக்கு, ஒரு வாரம் தவறியதில்லை. என் பிள்ளையைக் கொண்டுவந்து சேர் தாயே என்று கேட்காத நாள் இல்லை. அவள் மனசு இன்னும் இரங்கவில்லை.

இப்போதுதான் ஒரு வழி திறந்திருக்கிறது. இம்பெல்லர் கேட்ட கம்பெனிக்காரர்கள், மெஷின் முழுக்கத் திரையில் ஓட்டிக் காட்டாமல் இனி ஜாப் தர மாட்டோம் என்றுவிட்டார்கள். தாமு வேறு வழியில்லாமல் உங்களைக் கூப்பிட்டிருக்கிறான். பூபதிக்குத் தெரியாது, கோகிலாவுக்கும் தெரியாது. அதை நான் பார்த்துக்கொள்கிறேன். நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. இந்தச் சாஃப்ட்வேர் கஷ்டம், லோகநாதன் மாதிரி ஏற்கெனவே ஓட்டிப் பார்த்தவர் இருந்தால்தான் நாங்கள் கொடுப்போம் என்று தாமுவிடம் சொல்லுங்க. அப்புறம் லோகுவுக்குப் போன் போட்டு, உங்கள் அண்ணன் கூப்பிடுகிறார், நீங்கள் வந்தால்தான் வாங்குவேன் என்கிறார் என்று சொல்லுங்க. நம்பர் எழுதி வைத்திருக்கிறேன், இந்தாங்க. நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம். புது நம்பர் என்றால் எடுப்பான்.

ஏன் தம்பி தயங்கறீங்க? பொய்யா? இதில் என்ன பொய் இருக்கிறது? இரண்டு பேரையும் ஓர் இடத்துக்குக் கொண்டுவருவது பொய்யா? வந்து நின்றால் எல்லாம் சரியாகிவிடும். லோகு வாசலில் கால் வைத்துவிட்டால் அப்புறம் பழையதைப் பேச மாட்டான். அவன் மனசு எனக்குத் தெரியும். பொறுத்துக்கொள்வான்.

நானே தாமுவிடம் சொல்லிவிட்டால் என்ன என்று கேட்கறீங்க. நீங்கள் கேட்பது நியாயம்தான். சொன்னால் தாமு என்ன ஆவான் என்று யோசித்துப் பாருங்க. அவன் இன்னும் அந்தப் பொட்டலத்தின் இலையை மடித்துப் பர்ஸில் வைத்திருக்கிறான். தம்பி கண் போன பிறகும் அம்மன்மேல் சந்தேகப்படாமல் இருக்கிறவன். சாப்பிடாமல் கிடப்பான். என்னை அம்மா என்று கூப்பிட மாட்டான். ஒரு பிள்ளை ஏற்கெனவே கூப்பிடுவதில்லை தம்பி. இன்னொன்றையும் நான் எப்படி விடுவது?

அவனுக்கும் தம்பி என்றால் உயிர்தான். தினமும் வந்ததும் முதலில் லோகு போன் எடுத்தானா என்றுதான் கேட்பான், பாருங்க.

கார் சத்தம் கேட்கிறது, வந்துவிட்டான். நம்பரைச் சட்டைப்பையில் வைத்துக்குங்க. முகத்தை அப்படி வைத்துக்கொள்ளாதீங்க தம்பி, ஏதோ கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்ட மாதிரி. நல்ல பிள்ளையாக இருக்கறீங்க, நான் கும்பிடுகிற அம்மன் உங்களுக்கு ஒரு குறையும் வைக்க மாட்டாள்.

வா சாமி. சென்னையிலிருந்து தம்பி வந்து முக்கால் மணி நேரமாச்சு. லோகுவா? இல்ல சாமி, இன்னைக்கும் எடுக்கல. ஏன்னு எனக்கெப்படித் தெரியும்? அவனுக்கு என்ன மனத்தாங்கலோ. நாங்க சும்மா சாஃப்ட்வேரைப் பத்திப் பேசிட்டிருந்தோம். நீ உக்காரு, காபி கொண்டாறேன்.